துக்கத்துக்கு ஒன்பதை அழுத்தவும்

செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் ‘ஹிலால் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகை’ என்ற கடையை நடத்திவந்த ஷேக் தாவூத், தன் ஐம்பத்தோராவது வயதில், தாடிக்கு மருதாணி போட்டுக்கொண்டு மறுபடியும் படிக்கப் போனார். போகாமலே இருந்திருக்கலாம். அவர் மனைவி ஜஹனாராவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் ஒரு மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டால் அதற்கப்புறம் யார் சொல்வதும் காதில் ஏறுவதில்லை.

ரோஷம் வந்த இடம் சிறுசேரி. வருஷம் இரண்டாயிரத்து ஆறு. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆண்டுவிழாவுக்குப் பந்தல் பேசப் போயிருந்தார். அவர் மகன் வயசிருக்கும் ஒரு அதிகாரி, “உங்க நிறுவனத்தோட ஐந்தாண்டுத் திட்டம் என்ன?” என்று கேட்டான். தாவூத் நன்றாக யோசித்து, “மாசி மாசம் வரைக்கும் புக்கிங் கீது தம்பி” என்றார். அந்தப் பையன் சிரித்துத் தொலைத்திருந்தால் கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. “நாங்க முறையா மேலாண்மை தெரிஞ்சவங்களோடதான் வேலை பண்றோம் சார்” என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஆர்டர் மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. விழாவுக்கு முந்தின நாள் அவர்கள் தாவூத்திடமே வந்து அத்தனை நாற்காலியையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இதற்குப் பெயர்தான் மேலாண்மை என்று பிற்பாடு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

வகுப்பு நடந்த இடம், முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்புக்குள் இருந்த ‘தலைமைத்துவ உன்னத மையம்’. ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்குத் தொழில் நடத்தச் சொல்லித்தருவது அதன் வேலை. சனி, ஞாயிறு வகுப்பு, ஆறு மாசம், கடைசியில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம். இயக்குநர் ஹரிகிருஷ்ணனுக்கு வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி குரல். சாப்பாட்டுக்கு மணியடித்ததைக்கூட அவர் சொன்னால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள்.

முதல் நாள் அவர் பேசினார். “நண்பர்களே, உங்களுக்குத் தெரிந்ததுதான் உங்கள் முதல் எதிரி. இந்த மையத்துக்குள் வருகிறவர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறக்க வேண்டும். நானே அப்படித்தான். இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், எனக்கு எதுவுமே தெரியாது.” எல்லாரும் கைதட்டினார்கள்.

மறப்பதற்கு ஒரு சடங்கு வைத்திருந்தார்கள். தொழிலைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் தாளில் எழுதிக் கடலில் விட வேண்டும். திருப்போரூரில் அரிசி ஆலை வைத்திருந்த செல்வராஜ் மூன்று தாள் எழுதினார். தாவூத் வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ‘மழைக்காலத்தில் பந்தக்காலை ஒரு அடி கூட ஆழம் நடணும்’ என்று ஒரு வரி எழுதினார். வரிசையாகப் போய் அலையில் விட்டார்கள். மாமல்லபுரத்து அலை அத்தனையையும் திருப்பிக் கொண்டுவந்து அவர்கள் காலடியிலேயே போட்டது. தாவூத் தன்னுடையதைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் அலை உள்வாங்குகிற நேரமாகப் பார்த்து மறுபடியும் மறக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

பாடங்களைப் பேராசிரியை வசுமதி நடத்தினாள். நல்ல மனுஷி. யாரையும் கோபித்துப் பேசமாட்டாள். ஆனால் எதைப் பார்த்தாலும் அதற்குள் நாலு கட்டம் தெரிகிற கண் அவளுக்கு. ஒருநாள் அமெரிக்காவில் உறைந்த ஏரியின்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிற கம்பெனியைப் பற்றி மூன்று மணி நேரம் நடத்தினாள். நம்ம தொழிலாச்சே என்று தாவூத் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் கையைத் தூக்கி, “மேடம், ஐஸு மேல எப்டி மேடம் கால் நடுவாங்க?” என்று கேட்டார்.

“அது பாடத்தில் இல்லை மிஸ்டர் தாவூத். நீங்கள் இன்னும் முழுசாக மறக்கவில்லை.”

இப்படியே நாலு மாசம் ஓடியது. வினை செயல்திட்டத்தில் வந்தது. ஒவ்வொருவரும் தன் தொழிலைத் தானே அலசி, வேண்டாததை வெட்டி, வெட்டினதை நிரூபித்துக் காட்டினால்தான் பட்டம்.

வசுமதி பலகையில் நாலு கட்டம் போட்டாள். “கல்யாணம் உங்கள் நட்சத்திரம், வளர்க்க வேண்டும். காதுகுத்து உங்கள் பசு, கறக்க வேண்டும். அரசியல் கூட்டம் கேள்விக்குறி. இந்த நாலாவது கட்டத்துக்குப் பெயர் நாய். இலாபமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. இதைக் கழற்றிவிட வேண்டும். உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது?”

தாவூத் வாய் திறக்கும் முன், அவர் கொடுத்த விவரத்தை வைத்து அவளே எழுதினாள்: சாவு வீடு.

ஹிலால் கடையில் ஒரு பழக்கம் உண்டு. தாவூத்தின் அத்தா காலத்திலிருந்து வருவது. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தாலும் சரி, போன் வந்தாலும் சரி, ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: எந்தத் தெரு? யார், என்ன சாதி, எந்தக் கட்சி, எத்தனை நாற்காலி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், பேச்சே கிடையாது. தெருப் பேர் காதில் விழுந்ததும் மேஸ்திரி சின்னையன் வண்டியைக் கிளப்பிவிடுவார். கடையில் நாற்காலி இல்லையென்றால், அன்றைக்கு எந்தக் கல்யாணத்தில் போட்டிருக்கிறதோ அங்கே போய்ச் சத்தமில்லாமல் கடைசி வரிசையிலிருந்து எடுப்பார். இதுவரைக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் முகம் சுளித்ததில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாவே பட்டு வேட்டியோடு நாலு நாற்காலியைத் தூக்கி வண்டியில் ஏற்றியதும் உண்டு. வாடகையைச் சாவு வீட்டுக்காரர்களாகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வது, கொடுக்காவிட்டால் அதோடு சரி.

“சாவு வூட்டப் போயி நாய்ன்றீங்களே மேடம்” என்றார் தாவூத்.

“அது வெறும் கலைச்சொல். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.”

இயக்குநரும் அன்றைக்கு வகுப்பில் இருந்தார். அவர் எழுந்து நின்று அந்தக் குரலில் சொன்னார்: “மிஸ்டர் தாவூத், திடீரென்று வந்து நிற்கிற வாடிக்கையாளர் திட்டமிடாத வாடிக்கையாளர். மரணம் நிச்சயம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முன்பதிவு செய்யாமல் இருப்பது யாருடைய தவறு? வாடிக்கையாளரை நாம்தான் பழக்க வேண்டும்.”

பழக்குவதற்கு ஒரு மிஷின் வந்தது. இரண்டு போன் லைன், ஒரு கம்ப்யூட்டர். யார் கூப்பிட்டாலும் மிஷின்தான் பேசும். தன் குரலில் பதிவு செய்தால் நன்றாக இருக்கும் என்று இயக்குநரே பெருந்தன்மையாக முன்வந்தார். கடைக்கும் ‘ஹிலால் ஈவென்ட் சொல்யூஷன்ஸ்’ என்று புதுப் பேர்.

“வணக்கம். திருமணத்திற்கு ஒன்றை அழுத்தவும். காதணி விழாவிற்கு இரண்டை அழுத்தவும். பொதுக்கூட்டத்திற்கு மூன்றை அழுத்தவும். துக்கத்திற்கு ஒன்பதை அழுத்தவும்.” நடுவில் உள்ள எண்களெல்லாம் எதிர்கால வளர்ச்சிக்கு ஒதுக்கியது. ஒன்பதை அழுத்தினால் அதே குரல் இன்னும் கொஞ்சம் குழைந்து வரும். “தங்கள் துக்கம் எங்களுக்கு முக்கியமானது. துக்க நிகழ்ச்சிகளை மூன்று வேலை நாட்களுக்கு முன்னதாகப் பதிவு செய்து சலுகை பெறுங்கள். தயவுசெய்து காத்திருக்கவும்.” காத்திருக்கிற நேரத்துக்குக் கெட்டிமேளம் வைத்திருந்தார்கள். கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசி கல்யாண வீட்டுக்காரர்கள் என்று கணக்கெடுப்பு சொன்னதாம்.

சின்னையன் இந்த மிஷினைப் பார்த்துவிட்டு, “இன்னா பாய், நாம பேசக்கூடாதா?” என்று மட்டும் கேட்டார். கடைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாவது வாரம், கொளவாய் ஏரிப் பக்கம் ராஜம் டீச்சர் இறந்துபோனார். தாவூத்தின் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவர். சேதி தாவூத்துக்குப் பள்ளிவாசல் வாசலில், பகல் தொழுகை முடிந்த பிறகு, யாரோ சொல்லித்தான் தெரிந்தது. ஓடினார். வாசலில் சிவப்பு நாற்காலிகள் போட்டிருந்தன. ஹிலால் நாற்காலி அத்தனையும் பச்சை. அந்த ஊரில் எந்தச் சாவு வீட்டிலும் அவர் வேறு கலர் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது.

டீச்சரின் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கோபமெல்லாம் படவில்லை. “போன் போட்டேன் பாய். ஒன்பத அழுத்துன்னு சொல்லிச்சு. அழுத்தினேன். கெட்டிமேளம் வாசிச்சாங்க. வெச்சுட்டேன்” என்றான்.

தாவூத்துக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“அந்த எழவு மிஷின இப்பவே கழட்டிப் போடுங்க” என்றாள் ஜஹனாரா.

“பட்டமளிப்பு வரைக்கும் அது ஓடிகினு இருக்கணும் ஜஹனாரா. நடுவுல கழட்டினா பட்டம் கெடையாது. இன்னும் ஒரு மாசம்தான். அந்த சிறுசேரிப் பையன் கைல ஒரு தபா அந்தக் காயிதத்தக் காட்டிட்டேன்னா போதும்.”

“அப்ப அது வரைக்கும் ஊர்ல யாரும் மவுத்தாவக் கூடாதுன்னு துவா கேளுங்க.”

கேட்டார். ஐந்து வேளையும் கேட்டார். வேறு வழி தெரியவில்லை அவருக்கு. ராத்திரியில் தெருவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஊர்க்காரர்கள் யாராவது இருமினால் நின்று நலம் விசாரித்தார். சர்க்கரை வியாதிக்காரர்களை வழியில் பார்த்தால், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பாய்க்குப் படிப்பு ஏறினதிலிருந்து பாசம் கூடிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பட்டமளிப்பு நாளும் வந்தது. கடலோரப் புல்வெளியில் பந்தல். பந்தலும் ஹிலால், நாற்காலியும் ஹிலால். மையம் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே பதிவு செய்து சலுகை பெற்றிருந்தது. கடையில் ஒரு நாற்காலி மிச்சமில்லை. சின்னையனும் ஆட்களும் பின்னால் லாரி ஓரம் நின்றிருந்தார்கள். பட்டம் வாங்குகிறவர்கள் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் காற்றுக்குத் தொப்பிக் குஞ்சம் பறந்து பறந்து தாவூத்தின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

தவிர்க்க முடியாத காரணத்தால் இயக்குநர் தாமதமாக வருவார் என்று அறிவித்தார்கள். என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்கியிருக்கவில்லை.

வசுமதி மைக் முன்னால் வந்தாள். “இந்த ஆண்டின் சிறந்த மாற்றம் மிஸ்டர் தாவூத்துடையது. உணர்ச்சியால் நடந்துகொண்டிருந்த ஒரு கடையை நாம் முறையால் நடக்க வைத்திருக்கிறோம். நேரடியாகவே பாருங்கள்” என்று தன் செல்போனில் கடை எண்ணைப் போட்டு மைக்கின் பக்கத்தில் வைத்தாள். இயக்குநரின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. வந்திருந்தவர்கள் பூரித்துப்போனார்கள். அவள் ஒன்பதை அழுத்தினாள்.

“தங்கள் துக்கம் எங்களுக்கு முக்கியமானது. தாங்கள் வரிசையில் இரண்டாவதாக உள்ளீர்கள்.”

கெட்டிமேளம் வாசித்தது.

“இரண்டாவது. கவனித்தீர்களா?” என்றாள் வசுமதி. “நாய்ப் பிரிவுக்கே வரிசை நிற்கிறது என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம்.” கைதட்டல் எழுந்தது.

தாவூத் கைதட்டவில்லை. இரண்டாவது என்றால் முதலாவதாக ஒருத்தர் நிற்கிறார். எங்கேயோ ஒரு வீட்டில் பிணத்தைப் போட்டுக்கொண்டு, காதில் போனை வைத்து, யாரோ கெட்டிமேளம் கேட்டுக்கொண்டிருக்கிறார். ராஜம் டீச்சர் மகனின் முகம் வந்தது. அப்போதுதான் அந்தக் காகிதத்தின்மேல் இருந்த ஆசை அவரை விட்டுப் போனது. எழுந்து, அங்கியைத் தூக்கி லுங்கி மாதிரி சுருட்டிக்கொண்டு, செல்போனில் ஜஹனாராவைக் கூப்பிட்டார்.

“கீழ கடைக்கு எறங்கி அந்த மிஷினப் புடுங்கு.”

“எத்த?”

“மிஷின. ஒயரோட. லைன்ல யாரோ நின்னுகினு கீறாங்க.”

ஒரு மாசமாக இந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவள் அவள். மாடிப்படியைத் தடதடவென்று இறங்கினாள். பக்கத்தில் அதே லைனில் சும்மா கிடந்த பழைய போனின் ரிசீவரைத் தூக்கிவிட்டு, மிஷினை ஒரே இழுப்பாக இழுத்தாள். கெட்டிமேளம் நின்றது. “எந்தத் தெரு?” என்று கேட்டாள்.

மறுபக்கம் ஒரு ஆம்பளை விசும்புகிற சத்தம்.

தாவூத் செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம் மேடையிலிருந்தே, “சின்னையா, ஊரப்பாக்கம், பெருமாள் கோயில் தெரு” என்று குரல் கொடுத்தார்.

சின்னையன் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசைக்குப் போய், “கொஞ்சம் எழுந்துக்கோங்க சார், சாவு வூடு” என்று நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். எழுந்தவர்களுக்கு எதற்காக எழுந்தோம் என்றே புரியவில்லை. அதற்குள் நாலாவது வரிசை வந்துவிட்டது.

வசுமதி மைக்கை விடவில்லை. “மிஸ்டர் தாவூத், இது ஒப்பந்த மீறல். நாங்கள் நட்சத்திர வாடிக்கையாளர். மூன்று நாள் முன்பு பதிவு செய்தவர்கள். திட்டமிடத் தெரியாத ஒரு நாய்ப் பிரிவு வாடிக்கையாளருக்காக ஒரு பட்டமளிப்பையே நிறுத்துவதா? யார் அந்த வாடிக்கையாளர்?”

தாவூத் அவள் பக்கத்தில் போய், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அது அவருடைய சொந்த மைக் இல்லை, பொத்தினாலும் கேட்டது.

“டைரக்டர் சார் வூடு மேடம். அவுங்க நைனா. விடிகாலைல போய்ட்டாராம்.”

வசுமதி மைக்கை வைத்துவிட்டுப் போய், மேடையில் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி, இறங்கி நடந்து, அவளே லாரியில் கொண்டுபோய் வைத்தாள். அரிசி ஆலை செல்வராஜ் அங்கியோடு ஆறு நாற்காலியைத் தோளில் தூக்கினார். அந்த மையத்தின் சரித்திரத்தில் மாணவர்கள் சேர்ந்து உருப்படியாகச் செய்த குழுப்பணி அது ஒன்றுதான்.

கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக லாரி ஊரப்பாக்கம் போனபோது, அந்த வீட்டு வாசலில் சனம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கறுப்பு அங்கியோடு லாரியிலிருந்து குதித்த தாவூத்தைப் பார்த்து உறவுக்காரர்கள் கொஞ்சம் ஒதுங்கினார்கள். பெரியவர் உடம்பை எடுக்கும் முன்னாலேயே பாகம் பிரிக்க வக்கீல் வந்துவிட்டாரோ என்று ஒரு முணுமுணுப்பு. சின்னையன் பத்து நிமிஷத்தில் பந்தலை இழுத்துக் கட்டினார்.

ஹரிகிருஷ்ணன் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். வேட்டி துண்டில் ஆள் சின்னதாகத் தெரிந்தார். “வேற நம்பர் எதுவும் ஞாபகத்துக்கு வரலை பாய். நானே குரல் கொடுத்த நம்பர்தானே, அது மட்டும்தான் மனசில் இருந்தது” என்றார். ஆறு மாசத்தில் முதல் தடவையாக அவரை பாய் என்று கூப்பிட்டார். “என் குரல்தான். நானே எனக்குச் சொல்றேன், மூன்று வேலை நாட்களுக்கு முன்…”

“அதெல்லாம் வுடுங்க சார்” என்று தாவூத் ஒரு பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டார். “மொதல்ல உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

மறுநாளே மையத்திலிருந்து அந்த அங்கியைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தான். அதுவும் வாடகைக்கு எடுத்ததுதானாம். தாவூத் துவைத்துக் கொடுத்தனுப்பினார்.

காரியமெல்லாம் முடிந்து, இயக்குநரும் வசுமதியும் செங்கல்பட்டுக் கடைக்கு வந்தார்கள். பட்டச் சான்றிதழைக் கொடுத்தார்கள். ஜஹனாரா அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள். வசுமதிதான் விஷயத்துக்கு வந்தாள். மையத்தில் புதுசாக ஒரு பாடத்திட்டம் தொடங்கப்போகிறார்களாம். ‘துயர்காலச் சேவை மேலாண்மை’. மூன்று நாள், தங்கிப் படிப்பது. தாவூத்தான் வந்து நடத்த வேண்டும். “உங்கள் வழிமுறையைப் படிப்படியாகச் சொன்னால் நான் கட்டம் போட்டுக்கொள்கிறேன்.”

“எந்தத் தெருன்னு கேக்கணும் மேடம்.”

அவள் குறித்துக்கொண்டாள். “அடுத்தது?”

“வண்டிய எடுக்கணும்.”

“அப்புறம்?”

“அவ்ளோதான் மேடம்.”

வசுமதி பேனாவை மூடவில்லை. “மூன்று நாளுக்கு இது போதாதே மிஸ்டர் தாவூத். முதல் நாள் மதியம் டீ வரைக்கும்கூட வராது.”

தாவூத்துக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாஸ்தா வாங்கிவர எழுந்தார். அப்போது போன் அடித்தது. மிஷின் போனதிலிருந்து அந்தப் பழைய போன்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஹரிகிருஷ்ணன். கை தன்னால் போய் எடுத்துவிட்டது.

“வணக்கம்” என்று அந்தக் குரல் கடை நிறைய எழுந்தது. எதிர்ப்பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமினார். மறுபடி பேசினபோது அந்த வானொலிக் குரல் இல்லை, சாதாரண மனுஷக் குரலாக இருந்தது.

“எந்தத் தெரு?” என்றார்.

வெளியே சின்னையன் வண்டியைக் கிளப்பினார்.